சாவிக்கொத்துக்காரர்

“பூட்டு போட்டேன்னு சொல்றியே, சாவி எங்க கீது? சாவி இல்லாத பூட்டை நான் பூட்டுன்னே ஒத்துக்க மாட்டேன் மேடம்.”

குரோம்பேட்டையில் எலக்ட்ரானிக் தராசு செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதம், என் மேசையோரம் நின்றுகொண்டு அவர் சொன்னது இது. அவர் சர்வீஸ் பிரிவு. விற்ற தராசுகள் கடைகளில் மக்கர் செய்தால் ஸ்கூட்டரில் போய்ச் சரிபார்த்து வருகிறவர். நான் தராசுக்குள் ஓடும் புரோகிராமை எழுதுகிறவள். இதைச் சொல்லும்போது இன்றும் என் முதுகு தானாக நிமிரும். படப்பையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற எங்கள் ஊரில், அப்பா அம்மா இருவருமே கைநாட்டு வைக்கிற வீட்டில் பிறந்து, பாலிடெக்னிக் முடித்து, தாம்பரத்தில் பஸ் மாறி ரயில் ஏறி அந்த மேசைக்கு வந்து சேர்ந்தவள். அந்த மேசையை யாரும் எனக்குச் சும்மா தந்துவிடவில்லை.

அன்று நான் அவருக்குக் காட்டியது சுண்டுவிரல் நகத்தளவு ஒரு சிப். எட்டுக் கால். கரண்ட் போனாலும் தன்னுள் எழுதியதை மறக்காது. தராசு நேராகப் பேசுகிறதா, கோணலாகப் பேசுகிறதா என்பது அந்தச் சிப்பில் இருக்கும் ஒரு எண்ணில்தான் இருக்கிறது. ஒரு கிலோ எடைக்கல்லைத் தட்டில் வைத்தால் அடியில் இருக்கும் உலோகக் கட்டை எவ்வளவு வளைகிறது என்ற எண். அது மாறினால் எடை மாறும்.

சிப்பைச் செய்தவர்கள் அதற்கு ஒரு நடைமுறை வைத்திருந்தார்கள். எழுதுவதற்கு முன்னால் ‘திற’ என்று ஒரு கட்டளை அனுப்ப வேண்டும். பிறகு எழுத வேண்டும். முடிந்ததும் ‘மூடு’ என்று சொல்ல வேண்டும். திறக்கச் சொல்லாமல் எழுதினால் சிப் சண்டை போடாது, பதிலும் சொல்லாது. காதிலேயே வாங்காது. எனக்கு முன்னால் புரோகிராம் எழுதியவர் சுவிட்சைப் போட்டதுமே ‘திற’ என்று சொல்லும்படி எழுதிவிட்டு, மூடவே மறந்திருந்தார். கோடையில் வோல்டேஜ் இறங்கி ஏறும்போதெல்லாம் புரோகிராம் தடுமாறிக் கண்ட இடத்தில் எதையாவது எழுதிவைக்கும். அரைக் கிலோ சர்க்கரையை ஏழு கிலோ என்று காட்டும் தராசுகள் வாரம் இரண்டு திரும்பி வந்தன. ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. நான்தான் கண்டுபிடித்தேன். எழுதும் அந்த ஒரு நொடிக்கு மட்டும் திறந்து உடனே மூடும்படி மாற்றினேன். அந்த நொடியும் தராசுப் பெட்டிக்குள் இருக்கும் ஒரு சின்னக் கம்பியை இணைத்தால்தான் வரும். பெட்டியை மூடி, எடையளவுத் துறையின் முத்திரை ஆய்வாளர் ஈய முத்திரை குத்திவிட்டால், முத்திரையை உடைக்காமல் யாரும் அந்த எண்ணைத் தொட முடியாது.

இவ்வளவும் கேட்டுவிட்டுத்தான் சாவி எங்கே என்றார்.

அவர் இடுப்பில் ஒரு சாவிக்கொத்து தொங்கும். முப்பது நாற்பது சாவிகள் இருக்கும். அவர் வீட்டுச் சாவி அதில் இருந்ததா என்றே எனக்குச் சந்தேகம். எல்லாம் ஊரார் பூட்டுகளுக்கு. மானேஜர் மேசை டிராயரின் சாவியைத் தொலைத்துவிட்டு வியர்த்து நின்றபோது, இவர் போய் இரண்டு நிமிடத்தில் திறந்தார். பாக்கிங் பிரிவு அக்கா ஒருத்தி பொங்கலுக்கு முந்தின நாள் வீட்டைப் பூட்டி, சாவியை உள்ளேயே வைத்துவிட்டாள். பல்லாவரம் வரை போய்த் திறந்து கொடுத்துவிட்டு அவள் தந்த ஒரு டம்ளர் டீயை மட்டும் குடித்துவிட்டு வந்தார். எதற்கும் கை நீட்டியதில்லை.

பூட்டைத் திறக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்து, தூரத்தில் கேட்கும் பாட்டைக் கேட்பது போல நிற்பார். பூட்டு டக் என்று விட்டுக்கொடுக்கும்போது சின்னப் பிள்ளைபோலச் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்காகவே எங்கள் செக்‌ஷன் பெண்கள் எதையாவது பூட்டி வைப்பார்கள் என்று கேலி உண்டு.

“இன்னா பூட்டுனாலும் ஒரு சைடு வழி இருக்கணும் மேடம். மெயின் கேட்டு முதலாளிக்கு. சைடு வழி நமக்கு.”

இதை மனிதர் வாழ்க்கை முறையாகவே வைத்திருந்தார். சானடோரியம் ஸ்டேஷன் சுவரில் எங்கே ஆள் நுழைகிற இடைவெளி என்று தெரியும். எந்த அலுவலகத்தில் எந்த வாட்ச்மேனை ‘மச்சான்’ என்று கூப்பிட்டால் கதவு திறக்கும் என்று தெரியும். மூடியிருக்கிற எதையும் அவரால் சும்மா கடந்துபோக முடியாது. ஒருமுறை டீக்கடையில் புது பிஸ்கெட் டின்னின் மூடியைக் கடைக்காரர் நகத்தால் நெம்பிக்கொண்டிருந்தார். டீயைக் கீழே வைத்துவிட்டு, ஸ்பூன் காம்பை எடுத்துக்கொண்டு இவர் எழுந்துவிட்டார்.

நான் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னை மேடம் என்பார். பாதி கேலி, பாதி மரியாதை.

எனக்கும் ஒன்றைத் திறந்து கொடுத்திருக்கிறார். என் சான்றிதழ்கள் எல்லாம் வீட்டில் ஒரு தகரப் பெட்டியில் இருந்தன. வேலையை நிரந்தரமாக்க அசல்களைக் கேட்டார்கள். பெட்டிச் சாவியை எங்கள் வீட்டு ஆடு தின்றதோ, கூரையில் செருகி மறந்தோமோ, காணவில்லை. அப்பா கடப்பாரையை எடுத்துவிட்டார். ‘ஐயோ அப்பா, பேப்பர் கிழிஞ்சிடும்’ என்று தடுத்து, ஞாயிற்றுக்கிழமை அவரை வரச் சொன்னேன். வந்தார். ஒரு கீறல் இல்லாமல் திறந்தார். அம்மா அவருக்குக் கத்தரிக்காய் குழம்பு ஊற்றினாள். ஒரு பை நிறையக் காயும் கட்டிக் கொடுத்தாள்.

“இன்னா காய்மா இது, வெண்ணெயாட்டம் கீது” என்று மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் என் கையில் ஒரு புதுச் சாவியை வைத்தார். “பத்திரமா வெச்சிக்க. காணாம போனாலும் பேஜார் இல்ல, என்னாண்ட ஒண்ணு கீது.” கொத்தைத் தட்டிக் காட்டினார். என் பெட்டியின் சாவி அதில் தொங்கியது. அன்று எனக்கு அது அக்கறையாகத்தான் பட்டது. என்னைக் கேட்டுவிட்டு வைத்துக்கொண்டாரா என்று யோசிக்கவே இல்லை.

அடுத்த சில மாதங்களில் அவர் என் பூட்டைப் பற்றிப் பேசத் தொடங்கினார். முதலில் புகார் போல. “நீ பூட்டினதுல எனக்குத்தான் பேஜாரு. முன்னல்லாம் கடைலயே உக்காந்து அட்ஜஸ்ட் பண்ணுவேன். இப்ப முத்திரையை உடைக்கணும், முத்திரை ஆபீசர் வரணும். அதுவரைக்கும் கடைக்காரன் வாய்ல விரல் வெச்சிக்கினு உக்காரணும்.” அது பொய்யில்லை. ஒருநாள் மதியம் ஸ்கூட்டரில் உட்காரவைத்து மேற்குத் தாம்பரத்தில் ஒரு மளிகைக் கடைக்கு அழைத்துப் போனார். வயதான கடைக்காரர். தராசில் இருபது கிராம் வித்தியாசம். முத்திரை உடைத்து ஒன்பது நாளாகியும் ஆய்வாளர் வரவில்லை. தராசின் மேல் துண்டைப் போட்டு மூடி வைத்திருந்தார். “படிச்ச பொண்ணு, நீ ஒரு வழி பண்ணும்மா” என்று என்னிடம் கேட்டார்.

திரும்பும் வழியில் ஸ்கூட்டர் சத்தத்துக்கு மேல் கத்திச் சொன்னார். “ஒரே ஒரு சைடு வழி வை தங்கச்சி. சர்வீஸுக்கு. எனக்கும் உனக்கும் மட்டும் தெரிஞ்சா போதும். உன்னாலதான் முடியும்.”

மேடம் என்பது அன்று தங்கச்சி ஆனதை நான் கவனித்தேன். எனக்குப் பிடித்திருந்தது.

எழுதினேன். தராசின் முன்பக்கம் இரண்டு பட்டன்கள் உண்டு. ஒன்று எண்ணைச் சைபராக்க, மற்றது பாத்திரத்தின் எடையைக் கழிக்க. இரண்டையும் சேர்த்து அழுத்திக்கொண்டே சுவிட்சைப் போட்டு, பிறகு ஒரு குறிப்பிட்ட வரிசையில் தட்டினால் புரோகிராம் சிப்பிடம் ‘திற’ என்று சொல்லும். பெட்டியைத் திறக்க வேண்டாம், முத்திரையைத் தொட வேண்டாம். எனக்கு உறுத்தல் இல்லாமல் இல்லை. அதனால் ஒரு எல்லை வைத்தேன். எத்தனை வருடம் உழைத்த தராசும் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தளராது என்று கணக்குப் போட்டு, அந்த வழியில் போனால் அதற்குமேல் எண்ணை நகர்த்த முடியாதபடி செய்தேன். மானேஜரிடம் சொல்லவில்லை. புரோகிராம் பதிவேட்டில் ‘சிறு திருத்தம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தப் பக்கத்தில் இருந்தது ஒரே கையெழுத்து.

முதல் தராசில் அதைச் செய்து காட்டியபோது அவர் கண்ணை மூடித் தலையைச் சாய்த்துக்கொண்டார். டக் என்ற சத்தம் இல்லை, எண் மட்டும் மின்னியது. அப்படியும் அதே சிரிப்பு.

அடுத்த வருடம் எங்கள் கத்தரிக்காய்க்கு ஏதோ ஆகிவிட்டது. அம்மா அப்படித்தான் சொன்னாள். குத்தகை நிலம் அரை ஏக்கர். காயைக் கூடையில் கட்டிப் படப்பையில் ஒரு கமிஷன் கடையில் போடுவார்கள். “இந்த வருசம் காய் பாக்க நல்லாத்தான் கீது, எடை நிக்கல. உள்ள சதை இல்லாம பஞ்சாட்டம் கீது” என்றாள். அப்பா மண்ணைக் குறை சொன்னார். பிறகு விதையை. ஆடியில் பாதி நிலத்துச் செடியைப் பிடுங்கிப் போட்டுவிட்டுக் கேழ்வரகு விதைத்தார்.

ஒருநாள் அம்மா பெருமையாக ஒன்று சொன்னாள். கமிஷன் கடையில் பக்கத்து நிலத்துக்காரி எடை குறைகிறது என்று சத்தம் போட்டாளாம். இன்னும் நாலு பெண்கள் சேர்ந்துகொண்டார்களாம்.

“நான் வுடலையே. ஏண்டி, இது என் பொண்ணு எழுதின மிஷினு. கடைக்காரன் வேணா பொய் சொல்லுவான், அது சொல்லாது. வேணும்னா உன் காயைப் பாருடின்னேன். வாயை மூடிக்கினு போயிட்டாளுங்க.”

கையிலிருந்த சோற்றைத் தட்டிலேயே வைத்தேன். அங்கே எங்கள் கம்பெனித் தராசு இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

மறுநாள் லீவு சொல்லிவிட்டுப் படப்பைக்குப் போனேன். பக்கத்து மளிகையில் ஒரு கிலோ உப்புப் பாக்கெட் வாங்கிக்கொண்டு கமிஷன் கடைக்குள் நுழைந்தேன். தராசின் பக்கவாட்டில் ஈய முத்திரை அப்படியே இருந்தது. பாக்கெட்டைத் தட்டில் வைத்தேன்.

தொள்ளாயிரம்.

எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன். தொள்ளாயிரம். உழைத்துத் தளர்ந்த தராசு தொள்ளாயிரத்து எண்பது காட்டலாம், தொள்ளாயிரத்து அறுபத்து மூன்று காட்டலாம். இது நேராக நான் வைத்த எல்லையில் போய் முட்டி நின்றிருந்தது. யாரோ அதற்குமேலும் தட்டிப் பார்த்து, போகாததால்தான் விட்டிருக்கிறார்கள்.

சுவிட்சை அணைத்தேன். இரண்டு பட்டன்களையும் அழுத்திக்கொண்டு போட்டேன். வரிசையைத் தட்டினேன். எண் மின்னியது.

கல்லாவிலிருந்து கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் பயம் இல்லை. “உனக்கும் தெரியுமா? தனக்கு மட்டும்தான் தெரியும்னாரே அந்த சர்வீஸ் அண்ணன். தங்கமான மனுஷன்மா, கேட்டா இல்லைன்னு சொல்லத் தெரியாது. இந்த ரோட்டுலயே நாலு கடைக்குப் பண்ணிக் குடுத்திருக்காரு.”

எண்ணைச் சரிசெய்ய என் விரல் துடித்தது. தொடாமல் அணைத்துவிட்டு வெளியே வந்தேன். சரிசெய்துவிட்டால் பிறகு எதையும் யாருக்கும் காட்ட முடியாது.

அண்ணாவைத் தாம்பரம் ஸ்டேஷனில் மாலையில் பிடித்தேன். பிளாட்பாரப் பெஞ்சில் வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார். பொட்டலத்தை என் பக்கம் நீட்டினார். படப்பை என்று சொன்னேன். பொட்டலம் நீட்டியபடியே நின்றது.

“எத்தனை கடை அண்ணா?”

“யாரு எண்ணிக்கினு இருந்தாங்க. கேட்டாங்க, தொறந்து குடுத்தேன். உன் பொட்டி மாதிரிதான்.”

“அந்தத் தராசுலதான் எங்க அம்மா காய் போடறாங்க. அவங்க ஊத்தின குழம்பை நீங்க மூணு தரம் சோறு வாங்கித் தின்னீங்க.”

அவர் பொட்டலத்தை மடக்கிச் சட்டைப் பையில் வைத்தார். அம்மா காய் போடும் கடை அதுதான் என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை என்று நான் நம்புகிறேன். வெட்கப்படுவார் என்றுதான் காத்திருந்தேன். ஒரு வார்த்தை வருத்தமாகச் சொல்லியிருந்தால், அன்றிருந்த மனதுக்கு, நான் அழுதுகொண்டே வீட்டுக்குப் போயிருப்பேன்.

“அந்தக் கடையை நாளைக்கே சரி பண்ணிடறேன். அம்மா கூடைக்குப் பிரச்சினை வராது. போதும்ல?”

“மத்தவங்க கூடை?”

“இன்னா மேடம் நீ.” மேடம் திரும்பி வந்துவிட்டது. “சரி, போய்ச் சொல்லு. இன்னான்னு சொல்லுவ? முத்திரை உடையலை. உள்ள போற வழியை எவன் வெச்சான்னு கேப்பாங்க. பதிவேட்டுல யாரு கையெழுத்து? நான் ஸ்க்ரூ டிரைவர் புடிக்கிறவன். எனக்கு புரோகிராம் எழுதத் தெரியும்னு எவனாவது நம்புவானா? வேலைதான் போவும். உங்க வூட்ல மொத மொதல்ல படிச்ச பொண்ணு, உனக்குத் தேவையா இது? அடுத்த பேட்ச்ல அந்த வழியை மூடிடு. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்.”

கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு நல்லது சொல்கிற குரல். பூட்டிக்கொண்ட வீட்டு வாசலில் நிற்கிறவளிடம் ‘பயப்படாதே’ என்பாரே, அதே குரல். ரயில் வந்தது. அது நிற்பதற்கு முன்பே ஏறிவிட்டார்.

இத்தனை வருடத்தில் அவரை எந்தப் பெயரால் நினைத்துக்கொள்வது என்று பலமுறை யோசித்திருக்கிறேன். திருடன் என்றால் பொருந்தவில்லை. எனக்குத் தெரிந்து அவர் எதையும் எடுத்துக்கொண்டதில்லை. கேட்டவர் யார், உள்ளே இருப்பது யாருடையது என்று பார்க்காமல் திறந்துவிடுகிறவர். பாக்கிங் அக்காவின் வீடும் கமிஷன் கடைத் தராசும் அவருக்கு ஒன்றுதான். அந்தத் தராசைப் பற்றிக்கூட எனக்கு இப்போது கோபம் குறைந்துவிட்டது. அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து, நான் எதற்குப் பயப்படுவேன் என்று சரியாகத் தெரிந்துவைத்து, அதை அவ்வளவு மெதுவாகத் திருகினாரே, அதுதான் இன்னும் ஆறவில்லை.

அன்று பஸ்ஸில் திரும்பும்போது யோசித்தேன். அவர் சொன்னபடி அடுத்த பேட்சில் மூடிவிடலாம். இரண்டே வரி. ஆனால் ஏற்கனவே கடைகளுக்குப் போன தராசுகளில் என் பழைய புரோகிராம்தான் ஓடும். அதை வெளியிலிருந்து மாற்ற முடியாது. ஒவ்வொன்றாக முத்திரையை உடைத்துத்தான் மாற்ற வேண்டும். உடைக்க வேண்டுமானால் ஏன் என்று யாராவது சொல்லியாக வேண்டும்.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். அந்த வழியை எழுதியது நான்தான் என்பதையும் மறைக்கவில்லை. அடிப்பாள் என்று நினைத்தேன். முற்றத்தில் உட்கார்ந்து அப்பா விதைத்த கேழ்வரகுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்போ காய் நல்லாத்தான் காய்ச்சிதா?” என்றாள்.

“நல்லாத்தான் காய்ச்சிதும்மா.”

“அந்தப் பொம்பளைங்களை நான் தொரத்தி வுட்டேனேடி.”

பேப்பரை எடுத்துக்கொண்டு விளக்கடியில் உட்கார்ந்தேன். மானேஜருக்கு ஒன்று, முத்திரை ஆய்வாளருக்கு ஒன்று. எந்தப் பட்டன், எந்த வரிசை, எத்தனை பங்கு வரை குறைக்கலாம், புரோகிராமில் எந்த வரிகளை எடுக்க வேண்டும் என்று எல்லாம் எழுதினேன். அண்ணா கேட்டதையும் நான் செய்ததையும் தனித்தனியாக எழுதினேன். என் பங்கை முதலில் வைத்தேன்.

மானேஜர் படித்து முடித்ததும் மேசைமேல் நான் வைத்திருந்த என் அடையாள அட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். எனக்கு அது எதிர்பார்த்ததுதான். அந்த மேசைக்காக நான் எத்தனை பஸ் ஏறினேன் என்று அவருக்குத் தெரியாது.

அங்கிருந்து நேராக முத்திரை ஆய்வாளர் அலுவலகம். நரைத்த மீசை வைத்த ஆய்வாளர் கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

“முத்திரை உடையாம எடை மாறுமா? இருபது வருஷ சர்வீஸ்ல நான் கேள்விப்பட்டதில்லையே.”

“மாறும் சார். காட்டறேன்.”

“இந்த வழியை எழுதினது யாரும்மா?”

“நான்தான்.”

நிமிர்ந்து பார்த்தார். “உன் பேரும் கேஸ்ல வருமே. வீட்ல பெரியவங்க யாரையாவது கேட்டியா? இதைத் திருப்பி வாங்கிக்கிறதுன்னா இப்பவே வாங்கிக்க. நான் இன்னும் பதியலை.”

“பதிஞ்சிடுங்க சார். எனக்கு ஒரு நகல் வேணும்.”

முத்திரை குத்தி நகலைக் கொடுத்தார். பிறகு எழுந்து அலமாரியைத் திறந்து, ஒரு கிலோ பித்தளை எடைக்கல்லை எடுத்து வெல்வெட் துணியில் சுற்றினார். “வா, அந்தக் கடையிலயே காட்டு. பஸ் எத்தனை மணிக்கு?” என்று கேட்டார். அவர் அலமாரியைப் பூட்டுவதற்குள் நான் சாலையைக் கடந்து, புறப்படத் தயாராய் உறுமிக்கொண்டிருந்த படப்பை பஸ்ஸின் படியில் ஒரு காலை வைத்து, ‘இன்னும் ஒரு ஆள் வராரு, நிறுத்துங்க’ என்று கண்டக்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.